ஏறும்போது மட்டும் உதறும் வண்டி

பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் மலைச்சாலையில் ஒகேனக்கல்லுக்குப் போகிற கார்களில் எது நல்ல வண்டி, எது பழுதான வண்டி என்று போகும்போது தெரியாது. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். அதன் கடைசிப் பகுதி இறக்கம். காவிரி பள்ளத்தில் ஓடுகிறது, ஊரும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. இறங்கும் வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. அருவியில் குளித்து, பரிசலில் சுற்றி, மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஐந்து பேரும் ஈரத்துணி மூட்டையுமாக அதே சாலையில் திரும்பி ஏறும்போதுதான் வண்டி தன் குறையைக் காட்டுகிறது. “இறங்கும்போது ஜம்முனு வந்துச்சுண்ணே, ஏறும்போதுதான் உதறுது” என்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பழகிப்போன வாக்கியம். கேட்பவர்களில் பலர் அதன் இரண்டாம் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஸ்பேனரை எடுக்கிறார்கள். பழுதைப் பிடித்துக் கொடுக்கும் தகவல் முதல் பாதியிலும் சரிசமமாக இருக்கிறது. வண்டி எப்போது உதறுகிறது, எப்போது உதறவில்லை என்பதை ஏற்றத்தில் ஓட்டி உறுதி செய்யாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. இந்தத் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை இது. அதற்கான காரணங்களை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஏற்றம் வண்டிக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது போக, டயரின் உருளும் தடையையும் காற்றின் தடையையும் வென்றால் போதும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 220 நியூட்டன் வரும். அதே வேகத்தில் 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் ஏற வேண்டுமானால் வண்டியின் எடையே பின்னால் இழுக்கும்; அதற்கு மட்டும் 765 நியூட்டன் கூடுதலாக வேண்டும். ஆக, சக்கரம் சாலையைத் தள்ள வேண்டிய விசை கிட்டத்தட்ட நாலரை மடங்காகிறது. வேகம் மாறவில்லை, சக்கரம் சுற்றும் எண்ணிக்கையும் மாறவில்லை, சுமை மட்டும் மாறியிருக்கிறது. இறங்கும்போது நிலைமை தலைகீழ். சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. ஆக்ஸில் ஜாயின்ட்டுக்குள் இருக்கும் உருளைகள் தங்கள் பள்ளத்தின் எதிர்ப்பக்கச் சுவரில் சாய்கின்றன. தேய்மானம் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருந்தால், அந்தப் பக்கம் சுமை ஏறும்போது மட்டுமே அது வெளிப்படும். பட்டறை வாசலில் ஐம்பதடி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் தெரியலையே” என்று சொல்வது, சுமையே இல்லாத இடத்தில் சுமையால் வரும் பழுதைத் தேடுவதாகும்.

இந்தக் கணக்கு உடனடியாக ஒரு செலவை மிச்சப்படுத்துகிறது. வண்டி உதறுகிறது என்றதும் பெரும்பாலானோர் முதலில் போவது வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட் செய்யும் கடைக்கு. சக்கரத்தின் எடைச்சமநிலை தவறினால் வரும் அதிர்வு வேகத்தைச் சார்ந்தது. அதன் விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். 40-லிருந்து 80 கிலோமீட்டருக்குப் போனால் நான்கு மடங்காகும். ஆனால் அந்த அதிர்வுக்கு ஏற்றமா இறக்கமா, காலை அழுத்தியிருக்கிறோமா எடுத்துவிட்டோமா என்பது ஒரு பொருட்டல்ல. இறக்கத்தில் 40-ல் அமைதியாக வந்து, ஏற்றத்தில் அதே 40-ல் உதறும் வண்டி, சக்கரச் சமநிலை காரணமல்ல என்று தானே சொல்லிவிட்டது. தருமபுரி நாற்கர நெடுஞ்சாலையில் 90-ஐத் தொடும்போது ஸ்டீயரிங் ஆடி, காலை எடுத்த பிறகும் அந்த ஆட்டம் தொடர்ந்தால், அப்போது பேலன்ஸிங் கடைக்குப் போவது சரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். ஓட்டும்போது கவனம் இருந்தால் போதும்.

அடுத்து, எஞ்சினா ஆக்ஸிலா என்று பிரிப்பது. இந்த வேலையின் மையம் இதுதான். ஒரே ஏற்றத்தில் ஒரே வேகத்தில் போகும்போது சக்கரத்துக்குத் தேவைப்படும் விசை ஒன்றுதான். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது அதை மாற்றாது. ஆகவே சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் ஆக்ஸில் ஜாயின்ட்டுக்கு இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும் ஒன்றே. எஞ்சினுக்கு அப்படியல்ல. கியரைக் குறைத்தால் எஞ்சின் அதிகச் சுற்று சுற்றும். ஒவ்வொரு எரிதலிலும் கொடுக்க வேண்டிய தள்ளுவிசை குறையும். எனவே மூன்றாம் கியரில் உதறிய வண்டி அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு வந்ததும் அடங்கினால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். உதறல் கொஞ்சமும் மாறாமல் அதே தாளத்தில் தொடர்ந்தால் ஆக்ஸில், ஜாயின்ட், மவுண்டிங் பக்கம் தேட வேண்டும். அதிர்வின் எண்ணிக்கையைக் காதாலும் உடம்பாலும் எடை போட்டால் போதாதா என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். போதாது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால், அந்தக் குறை நொடிக்குக் கிட்டத்தட்ட 17 முறை வரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 6 சுற்று சுற்றும்; ஆக்ஸிலின் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும், மூன்று உருளை கொண்ட உள் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு மூன்று முறை தள்ளுவதால் அதுவும் 17-ஐ ஒட்டியே வரும். ஒரே கியரில் ஓட்டினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கியரை மாற்றிப் பார்த்தால்தான் வேறுபாடு வெளியே வரும்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கியரைக் குறைத்ததும் அடங்கும் உதறல்கள் எல்லாம் பழுது அல்ல. இப்போது ஓடும் சின்னக் கார்களில் பல மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்டவை. ஐந்து பேரோடு கொண்டை ஊசி வளைவில் 25 கிலோமீட்டருக்கு வேகம் இறங்கிய பிறகும் மூன்றாம் கியரிலேயே மிதித்தால் எந்த நல்ல எஞ்சினும் முனகி அதிரும். மைலேஜ் வரும் என்று நம்பி உயர்ந்த கியரில் இழுக்கும் பழக்கம் சமவெளி ஓட்டுநர்களிடம் பரவலாக இருக்கிறது. எஞ்சினைச் சரியான சுற்றில் வைத்தும் உதறுகிறதா என்பதே நமக்கு வேண்டிய சோதனை. ஓட்டும் முறையால் வரும் உதறலுக்குப் பாகம் மாற்றிக் காசு வாங்குவது நேர்மையல்ல. வளைவுக்கு முன்பே கியரை இறக்கச் சொல்லிக் கொடுப்பதும் மெக்கானிக்கின் வேலையே.

சோதனை எஞ்சினைக் காட்டினால், பெட்ரோல் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நெருப்புப் பொறி. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே பொறி தாவத் தேவைப்படும் மின்னழுத்தம் இரண்டு காரணங்களால் கூடும்: இடைவெளி தேய்ந்து அகலமாவது, சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம் உயர்வது. சமதளத்தில் லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. தேய்ந்த பிளக்கும் சமாளித்துவிடும். ஏற்றத்தில் ஆழமாக மிதிக்கும்போது காற்று நிறையப் போகிறது, அழுத்தம் உயர்கிறது. அதே பிளக் தவறவிடுகிறது. இக்னிஷன் காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மின்சாரம் பிளக்கைத் தாவுவதை விட்டுவிட்டு எஞ்சின் தலைக்கே கசிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் புதுக் காயில் வாங்க வேண்டியதில்லை. சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி ஏற்றத்தில் ஓட்ட வேண்டும். தவறு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்ற வேண்டும். அதன் பிறகு இன்ஜெக்டர், அதன் பிறகு கம்ப்ரஷன். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றி வண்டி சரியானால், எது கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். டீசல் வண்டியில் பொறி இல்லை. அங்கே எரிபொருள் ஃபில்ட்டர், அதில் தேங்கும் தண்ணீர், இன்ஜெக்டரின் திரும்பு குழாயில் வடியும் அளவு, டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயின் கிழிசல் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். இவையும் சுமையில்தான் பல்லிளிக்கும்.

சோதனை ஆக்ஸிலைக் காட்டினால், இந்த ஜாயின்ட் எப்படி நம் சாலைக்கு வந்தது என்பதை அறிந்துகொள்வது உதவும். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் பின்சக்கரமே வண்டியைத் தள்ளியது. உதறல் என்றால் மெக்கானிக்கின் கை வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குத்தான் போகும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது முன்சக்கரம் இழுக்கும் கார் பரவலாகத் தொடங்கியது. இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும், குழியில் ஏறி இறங்கவும் வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஆக்ஸிலிலும் இரண்டு ஜாயின்ட். சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயின்ட், 1920-களில் ஆல்ஃப்ரெட் ரெஸெப்பா உருவாக்கிய, பந்துகளால் ஆன அமைப்பின் வழிவந்தது. அது தேய்ந்தால் வளைவில் திரும்பும்போது டக்டக்கென்று சத்தம் போடும். பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸை ஒட்டிய உள் ஜாயின்ட் மூன்று கால்களும் அவற்றில் மூன்று உருளைகளும் கொண்டது. அது சத்தம் போடாது. உருளைகளைச் சூழ்ந்திருக்கும் கப்பின் உட்சுவரில் அவை ஓடி ஓடிப் பள்ளம் விழுந்தால், சுமையோடு சுற்றும்போது உருளை வழுக்கி ஓடாமல் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி ஏறும். ஒவ்வொரு சிக்கலும் ஆக்ஸிலை நீளவாக்கில் தள்ளும். வண்டியின் முன்பாகம் இடமும் வலமுமாக ஆடுவதாக உள்ளே இருப்பவர்களுக்குத் தோன்றும். காலை எடுத்த நொடியில் அடங்கும். மறுபடி மிதித்தால் மறுபடி வரும். வளைவில் டக்டக் சத்தம் இல்லை என்பதை வைத்து “ஆக்ஸில் நல்லாத்தான் இருக்கு” என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. வெளி ஜாயின்ட்டின் அடையாளத்தை உள் ஜாயின்ட்டிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பழுது பெரும்பாலும் ஒரு ரப்பர் உறையில் தொடங்குகிறது. ஆக்ஸில் பூட் என்று எல்லோரும் சொல்லும் அந்த மடிப்பு உறை கிழிந்ததும் கிரீஸ் சுழற்சியில் வெளியே தெறிக்கும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். கிரீஸும் மணலும் கலந்த கலவை உருளையையும் சுவரையும் அரத்தால் ராவியதுபோலத் தின்றுவிடும். கிழிந்தது தெரிந்த உடனே கழற்றிக் கழுவி, உருளைகள் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று விரலால் பார்த்து, புதுக் கிரீஸும் புது உறையும் போட்டால் ஜாயின்ட் பிழைத்துக்கொள்ளும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குச் சுவரில் பள்ளம் விழுந்துவிட்டால், புதுக் கிரீஸ் கொஞ்ச நாள் மூடி மறைக்குமே தவிரக் குணப்படுத்தாது. கப்பையும் உருளைத் தொகுதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது கியர்பாக்ஸ் பக்கத்து லாக் வளையம் புதிதாக இருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் சீல் காயப்படக் கூடாது. சக்கர நட்டைக் கம்பெனி சொன்ன முறுக்கு அளவில், டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். அந்த நட்டை இறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் வீல் பேரிங் கெடும். நல்ல பாகத்தை வாங்கிப் போட்டும் வண்டி திரும்பி வருவது இந்தக் கடைசிக் கட்ட அவசரத்தால்தான்.

பின்சக்கரம் தள்ளும் வண்டிகளுக்கு இதே வாதம் வேறு பாகத்தில் பொருந்தும். பொலேரோ, ஈகோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற குடும்பச் சுற்றுலா வண்டிகள் ஒகேனக்கல் சாலையில் ஏராளம். இவற்றில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்தாலோ, இரண்டு துண்டு ஷாஃப்ட்டாக இருந்து நடுவே தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் தளர்ந்தாலோ, நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் குலுங்கும். கிராஸ் ஜாயின்ட்டுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு: கோணத்தில் சுற்றும்போது அது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூட்டிக் குறைக்கும். இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்டுகளைச் சரியான நிலையில் பூட்டினால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுகட்டும். கழற்றும்போது குறியிடாமல் கழற்றி, ஒரு பல் தள்ளிப் பூட்டினால், எல்லாப் பாகமும் புதிதாக இருந்தும் வண்டி உதறும். ஆகவே சுண்ணாம்போ பெயின்ட்டோ ஒரு கோடு போடாமல் ஷாஃப்ட்டைக் கழற்றக் கூடாது. பெயரை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. இன்னோவா என்றால் பின்சக்கர வண்டி என்று பழகியவர்கள் கவனிக்க வேண்டும்: ஹைகிராஸ் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அதன் பழுதைத் தேடும் இடமே வேறு.

எஞ்சின் மவுண்டிங்கையும் கிளட்ச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்சக்கர வண்டியில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை எவ்வளவோ அவ்வளவு எதிர்விசையோடு எஞ்சினும் கியர்பாக்ஸும் சாய முயலும். அதைப் பிடித்து நிறுத்துபவை மவுண்டிங் ரப்பர்கள். ஒன்று கிழிந்தால் ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாகச் சாயும், ஆக்ஸிலின் கோணம் கூடும், லேசாகத் தேய்ந்திருந்த உள் ஜாயின்ட்கூட உதறத் தொடங்கும். அதனால்தான் மவுண்டிங் மாற்றியதும் சில வண்டிகளில் உதறல் பாதி குறைந்து, சில மாதத்தில் திரும்பி வருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. கிளட்ச்சின் கதை வேறு. அது நழுவிப் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் உதறும்: முதல் கியரில் கிளம்பும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது. பெடலை முழுதாக விட்ட பிறகும் உதறல் தொடர்ந்தால் கிளட்ச் காரணமல்ல. கூட்ட நாட்களில், குறிப்பாக ஆடிப்பெருக்கை ஒட்டி, ஏற்றத்தில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் வரிசையில் பாதிக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துபவர்கள் பிளேட்டையும் ஃப்ளைவீலையும் சூடாக்கிக் கெடுக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் இருப்பது அதற்குத்தான்.

பெங்களூரிலிருந்து வரும் கார்களில் ஆட்டோமேட்டிக் கியர் அதிகம். 2014-ல் மாருதி செலேரியோவோடு ஏ.எம்.டி. மலிவு விலைக் காருக்கு வந்த பிறகு இந்த வகை பெருகிவிட்டது. ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண கிளட்ச். அதை அழுத்துவது காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அல்லது ஆயில் அழுத்தம். ஆகவே கிளம்பும்போது உதறினால் கிளட்ச் தேய்மானமும், அது பிடிக்கும் இடத்தை வண்டியின் கணினிக்கு மறுபடி கற்பிப்பதும் முதலில் பார்க்க வேண்டியவை. இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து ஏறும் நெரிசலில் சூடாகி உதறும். டார்க் கன்வெர்ட்டர் வகையில், சமதளத்தில் மிதமான வேகத்தில் லேசாக மிதிக்கும்போது, சாலையில் வரிக்கோடுகள் மேல் ஓடுவதுபோல் ஓர் அதிர்வு வந்தால் லாக்-அப் கிளட்ச்சும் பழைய ஆயிலும் சந்தேகத்துக்குரியவை. வகை எதுவாக இருந்தாலும் கேள்வி மாறவில்லை: எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் போகிறது?

இதற்கு எதிராக முதலில் எழும் வாதம் ஸ்கேனர். வண்டியே தன் பழுதைக் கணினியில் சொல்லிவிடும்போது மலையேறிப் பார்ப்பது எதற்கு என்கிறார்கள். ஸ்கேனரை நான் மதிக்கிறேன். இந்தியாவில் 2010-லிருந்தும் விரிவான வடிவில் 2013-லிருந்தும் புதுக் கார்களில் கட்டாயமான அந்தத் தற்சோதனை அமைப்பு இல்லாமல் இன்றைய எஞ்சினைப் பார்க்க முடியாது. ஆனால் அது சென்சார் உள்ள இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். ஆக்ஸில் ஜாயின்ட்டில் சென்சார் இல்லை. மவுண்டிங் ரப்பரில் சாதாரணமாக இல்லை. ஸ்கேனரில் பழுதுக் குறியீடு, அதாவது கோடு, ஒன்றும் வரவில்லை என்பதற்கு அர்த்தம் பழுது இல்லை என்பதல்ல. அதைவிட முக்கியமானது, வந்த கோடும் திசை தப்பிக் காட்டலாம். சிலிண்டர் எரியாமல் விடுவதைக் கணினி நேரடியாகப் பார்ப்பதில்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தில் வரும் சின்னஞ்சிறு தடுமாற்றத்தை வைத்தே ஊகிக்கிறது. சக்கரப் பக்கத்திலிருந்து வரும் குலுக்கல் அந்த வேகத்தைத் தடுமாறச் செய்தால் அதையும் மிஸ்ஃபயர் என்று அது எண்ணக்கூடும். கரடுமுரடான சாலையில் இந்தக் கணிப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்களே வைத்திருப்பது இதனால்தான். பி 0301 என்று வந்தால் அது முதல் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லும் குறிப்பு. முதல் சிலிண்டரின் காயிலை வாங்கச் சொல்லும் சீட்டு அல்ல. ஸ்கேனரை மாட்டிக்கொண்டே ஏற்றத்தில் ஓட்டி, உதறும் கணத்தில் எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே அதன் சரியான பயன்பாடு.

இரண்டாவது வாதம் பெட்ரோல். எத்தனால் கலப்பு 2022-ல் பத்து விழுக்காட்டை எட்டி, 2023-லிருந்து இருபது விழுக்காட்டுக் கலவை பெட்ரோல் பங்குகளில் பரவியது முதல், எந்த உதறலுக்கும் அதுவே காரணம் என்று சொல்லப்படுகிறது. முற்றிலும் தள்ளிவிட முடியாத வாதம் இது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியின் டேங்கில் அது பிரிந்து அடியில் தங்கலாம். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் எரிபொருள் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானது. அது கெட்டால் தவறு ஒரே சிலிண்டரில் குடியிருக்காமல் அங்குமிங்கும் தாவும். கியரைக் குறைத்தால் மாறும். வேறு பங்கில் நிரப்பி ஓட்டினால் போகும். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஒரே மாதிரி உதறி, காலை எடுத்ததும் நிற்கும் வண்டியில் பெட்ரோலைக் குறை சொல்வது, தேய்ந்த ஜாயின்ட்டை இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட விடுவதில்தான் முடியும்.

மூன்றாவது வாதம் நேரமும் பணமும். சுற்றுலா வந்தவர் அன்றே ஊர் திரும்ப வேண்டும். அவரை உட்காரவைத்து மலையேறி இறங்குவதைவிடப் பிளக், காயில், மவுண்டிங் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிக் கொடுப்பது இருவருக்கும் லாபம் என்கிறார்கள். வேலையைச் சோதனையில்லாமல் முடிக்க விரும்பும் வாடிக்கையாளரும் இதையே கேட்கிறார். “பார்க்கிறதுக்கெல்லாம் எதுக்குங்க காசு” என்று சொல்பவர்களும் உண்டு. இங்கேதான் நம் தொழில் உறுதியாக நிற்க வேண்டும். கண்டுபிடிப்பது ஒரு வேலை; அதற்குக் கூலி கேட்பதில் வெட்கமில்லை, கொடுப்பதில் நஷ்டமும் இல்லை. ஊகத்தில் மாற்றிய மூன்று பாகங்களின் விலைக்குள் ஒரு மணி நேரச் சோதனையின் கூலி தாராளமாக அடங்கும். மேலும், ஊகத்தில் செய்த வேலை தற்செயலாகப் பலித்தாலும் மெக்கானிக் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த வண்டியிலும் அதே மூன்று பாகங்களையே மாற்றுவார். பட்டறையில் தொழில் பழகும் பையன்களுக்கு நாம் கையளிப்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

நான்காவது, ஏற்றத்தில் சோதிப்பதே ஆபத்தாயிற்றே என்பது. நியாயமான கவலை. பென்னாகரம்–ஒகேனக்கல் சாலை காட்டுக்குள் போகிறது, யானைகள் கடக்கும் வழி. வளைவில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்க்கும் இடம் அல்ல. தேசிய நெடுஞ்சாலை 44-ல் உள்ள தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்போனது. லாரிகள் நிறைந்த அந்தச் சரிவில் சோதனை ஓட்டம் கூடவே கூடாது. தேவைப்படுவது மலை அல்ல, சுமை. போக்குவரத்துக் குறைவான, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஒரு சிறு மேடு போதும். பின்னிருக்கையில் ஆட்கள் இருந்தால் இன்னும் நல்லது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிப் பார்ப்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. எஞ்சினின் பிடிப்பு போய் முழுச் சுமையும் பிரேக் மீது விழும். கியரிலேயே காலை எடுத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு அடிப்படையான காரணம் பணம் அல்ல, உயிர். உதறலைச் சொகுசுக் குறை என்று நினைப்பவர்கள் அதன் முடிவை எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் கொண்ட முன்சக்கர வண்டியில் ஓர் ஆக்ஸில் கழன்றாலோ ஒடிந்தாலோ இழுவை முழுவதும் போய்விடும். மற்றொரு ஆக்ஸில் நன்றாக இருந்தும் பயனில்லை. ஏற்றத்தில் அப்படி நடந்தால் வண்டி பின்னால் உருளும். கியரில் போட்டு நிறுத்தலாம் என்றால் கியரும் பிடிக்காது, ஏனென்றால் டிஃபரன்ஷியல் ஒடிந்த பக்கத்தை வெறுமனே சுழல விட்டுவிடும். இறக்கத்தில் நடந்தால் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்து வைத்திருந்த வேகம் ஒரே நொடியில் பிரேக்கிடம் ஒப்படைக்கப்படும். பேலன்ஸிங் செய்து, பிளக் மாற்றி, பெட்ரோலைத் திட்டி அனுப்பிய வண்டியில் அந்த ஜாயின்ட் இன்னும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு அதில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அடுத்த முறையும் மலையிறங்குவார்கள்.

ஆகவே பட்டறைகளிடம் நான் கேட்பது மூன்று. வண்டி எடுக்கும்போது “எப்போது உதறுகிறது, எப்போது உதறவில்லை” என்ற விடையை வேலைச்சீட்டில் எழுதுங்கள். கழற்றிய பாகத்தின் தேய்மானத்தை வாடிக்கையாளர் கையால் தொட்டுப் பார்க்கும்படி காட்டுங்கள். வேலை முடிந்ததும், உதறல் தெரிந்த அதே சுமையில் அதே கியரில் ஓட்டிப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். வண்டிக்காரர்களிடம் கேட்பது ஒன்றே: “உதறுது, பாருங்க” என்று சாவியைப் போட்டுவிட்டுப் போகாமல், மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேடு ஏறி இறங்குங்கள், அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். ஏற்றத்தில் வந்து இறக்கத்தில் மறையும் பழுதைக் கழற்றிப் போட்ட பாகங்களுக்கு நடுவே தேட முடியாது. ஓடும் வண்டியில், சுமையோடு தேட வேண்டும். அப்படித் தேடப் பழகியவர்தான் இந்த மலையடிவாரத்தில் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்தவர்.